பந்து ஓடும்போது பேச்சு எதற்கு? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்துத் தொடரைத் தொலைக்காட்சியில் பார்க்கும் ரசிகர்கள் ஒளிபரப்பைப் பற்றியும் வர்ணனையாளர்களைப் பற்றியும் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் மனக்குறைகளே மிகுதி. ஆட்டத்தின் மீது உள்ள பற்றினால்தான் இந்தக் குறைகள் எழுகின்றன என்பது ஒவ்வொரு கடிதத்திலும் தெரிந்தது. சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

என்.பி.ஏ. ஆட்டங்களை விடிகாலையில் எழுந்து பார்க்கிறேன். பந்து ஆடுகளத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே வர்ணனையாளர்கள் அடுத்த ஆண்டு யார் எந்த அணிக்குப் போவார் என்று விவாதிக்கிறார்கள். இது எனக்கு மட்டும்தான் எரிச்சலூட்டுகிறதா?
– கோயம்புத்தூர் வாசகர்

உங்களுக்கு மட்டும் அல்ல. அமெரிக்க ரசிகர்களிடமிருந்து பல ஆண்டுகளாக எழுந்துவரும் முதன்மையான குறையே இதுதான். அது முற்றிலும் நியாயமான குறை என்பதே என் கருத்தும்.

கூடைப்பந்தின் இயல்பைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். தாக்கும் அணி 24 வினாடிக்குள் கூடையை நோக்கிப் பந்தை எறிந்தாக வேண்டும் என்ற விதி 1954-இல் வந்தது. 48 நிமிட ஆட்டத்தில் இரு அணிகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ இருநூறு தாக்குதல்கள் நிகழ்கின்றன. அப்படியானால் ஒரு தாக்குதலுக்குச் சராசரியாகக் கிடைப்பது 14 வினாடிதான். கிரிக்கெட்டில் ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் இடையில் ஒரு சிறு கதையைச் சொல்லி முடித்துவிடலாம். கூடைப்பந்தில் அந்த இடைவெளி கிடையாது. விளக்க வர்ணனையாளர் ஒரு கருத்தைத் தொடங்கி முடிப்பதற்குள் பந்து எதிர்முனைக்குப் போய், ஒரு கூடையும் விழுந்து, மறுபடி இந்தப் பக்கமே திரும்பிவிடும்.

ஆட்டத்தை நடக்க நடக்கச் சொல்பவர் ஒருவர், ஏன் அப்படி நடந்தது என்று விளக்குபவர் மற்றொருவர் என்பதே பழைய ஏற்பாடு. விளக்குபவர்கள் இருவரானபோது, 14 வினாடிக்குள் மூன்று பேர் பேச இடம் தேட வேண்டியதாயிற்று. மூவரும் நல்ல அறிவாளிகளாகவே இருக்கலாம். ஆனாலும் அந்த நெருக்கடியில் முதலில் பலியாவது ஆட்டத்தை நடக்க நடக்கச் சொல்லும் வேலைதான். ஃபவுல் (விதிமீறல்) யார் மேல், ஷாட் கிளாக்கில் (அந்த 24 வினாடிக் கடிகாரத்தில்) எத்தனை வினாடி மீதம், நட்சத்திர வீரர் ஏன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் என்ற மூன்று கேள்விகளுக்கு உடனுக்குடன் பதில் கிடைத்தால் போதும், மற்றவற்றை இடைவேளையில் பேசிக்கொள்ளலாம் என்று எண்ணும் ரசிகர்களில் நானும் ஒருவன்.

1963-இல் நியூயார்க் நிக்ஸ் அணியின் ஆட்டங்களைச் சொல்லத் தொடங்கி, 2021-இல் 80 வயதில் ஓய்வு பெற்ற மார்வ் ஆல்பர்ட்டை இன்றும் பலர் ஏக்கத்தோடு நினைப்பதற்குக் காரணம் இந்தச் சிக்கனம்தான். பந்து கூடைக்குள் விழுந்ததும் அவர் சொன்னது ‘யெஸ்’ என்ற ஒரே சொல். அந்தச் சொல்லுக்கு முன்னால் அவர் விட்ட அரை நொடி மௌனத்தில், பார்ப்பவனும் அவரோடு சேர்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பான்.

நீங்கள் கேட்டவற்றில் மிகச் சிறந்த வர்ணனை எது?
– திருச்சி வாசகி

2013 ஜூன் 18, மயாமி. இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம். மயாமி அணிக்கு எதிராகச் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் 3-2 என்று தொடரில் முன்னிலை. ஆட்டத்திலும் 95-92 என்று அவர்கள் கையே ஓங்கியிருந்தது. கோப்பையை வழங்கும் விழாவுக்காக ஆடுகளத்தைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்ட ஆட்கள் வந்துவிட்டார்கள். மயாமி ரசிகர்கள் சிலர் நம்பிக்கை இழந்து அரங்கத்தை விட்டு வெளியேறியும் விட்டார்கள். அந்த நேரத்தில் மயாமியின் லெப்ரான் ஜேம்ஸ் எறிந்த மூன்று புள்ளி எறிதல் தவறியது. அவருடைய அணித் தோழர் கிறிஸ் பாஷ் எம்பிப் பந்தைப் பிடித்தார். இன்னொரு தோழர் ரே ஆலன் கீழே பார்க்காமல் பின்னோக்கியே காலடி வைத்து வலது மூலைக்குப் போனார். பந்து அவர் கைக்கு வந்தது, எறிந்தார். கடிகாரத்தில் 5.2 வினாடி மீதம் இருக்கையில் ஆட்டம் சமனாயிற்று.

இதைத் தொலைக்காட்சி வர்ணனையாளர் மைக் பிரீன் எப்படிச் சொன்னார் என்று கவனியுங்கள். ஜேம்ஸ் பிடித்தார், மூன்றுக்கு எறிந்தார், விழவில்லை, ரீபவுண்ட் (தவறி வந்த பந்தைப் பிடித்தவர்) பாஷ், வெளியே ஆலனுக்கு, அவருடைய மூன்று புள்ளி எறிதல் என்று ஒவ்வொரு பெயரும் பந்து அந்தக் கையைத் தொட்ட அதே நொடியில் வந்தது. பிறகு ‘பேங்’ என்ற அவருடைய வழக்கமான முழக்கம். உடனே, ஆட்டம் சமன், ஐந்து வினாடி மீதம் என்ற தகவல். அவ்வளவுதான். ‘நம்ப முடியவில்லை’ என்றோ ‘வரலாறு’ என்றோ ஒரு சொல் இல்லை. கூடுதல் நேரத்தில் மயாமி 103-100 என்று வென்றது. ஏழாவது ஆட்டத்தையும் வென்று கோப்பையைக் கைப்பற்றியது. அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஒரு சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ எனக்கு இடம் தெரியவில்லை.

தேசிய அலைவரிசைகளின் வர்ணனையாளர்கள் எங்கள் அணிக்கு எதிராகவே பேசுகிறார்கள். பிளே-ஆஃப் (கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்றுகள்) வந்தாலே ஒலியை நிறுத்திவிட்டுப் பார்க்கிறோம்.
– கலிபோர்னியாவின் சான் ஹோஸேயிலிருந்து வாசகி

இதே குறையை உங்கள் எதிரணியின் ரசிகர்களும், அதே ஆட்டத்தைப் பற்றி, அதே இரவில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இதற்குக் காரணம் காதின் பழக்கம் என்று நினைக்கிறேன். ஓர் அணிக்கு ஓர் ஆண்டில் 82 ஆட்டங்கள். அவற்றில் பெரும்பாலானவற்றை உள்ளூர் வர்ணனையாளரின் குரலில் கேட்கிறீர்கள். அவர் உங்கள் அணியோடு பயணம் செய்பவர், மாற்று வீரரின் முழங்கால் வலி வரைக்கும் அறிந்தவர், உங்கள் தோல்வியில் தானும் குரல் தாழ்ந்தவர். பிளே-ஆஃப் வந்ததும் அந்தக் குரல் போய், இரு பக்கத்துக்கும் பொதுவான குரல் வந்து அமர்கிறது. வீட்டுச் சாப்பாட்டுக்குப் பழகிய நாக்குக்கு வெளியூர்ச் சாப்பாட்டில் உப்புக் குறைவாகத் தெரிவது போலத்தான் இதுவும்.

உள்ளூர்க் குரலின் அருமைக்கு லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியின் சிக் ஹெர்னைச் சொல்ல வேண்டும். 1965 நவம்பர் முதல் 2001 டிசம்பர் வரை ஒன்றைக்கூடத் தவறவிடாமல், தொடர்ந்து 3,338 ஆட்டங்களைச் சொன்னவர் அவர். இன்று உலகம் முழுவதும் வழங்கும் ‘ஸ்லாம் டங்க்’ (எம்பிப் பந்தைக் கூடைக்குள் அறைதல்), ‘ஏர் பால்’ (எதையும் தொடாமல் தவறும் எறிதல்) போன்ற சொற்களைப் பரப்பிய பெருமையையும் அவருக்கே தருகிறார்கள். பல ஆண்டுகள் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் ஒரே நேரத்தில் அவர் குரலே போயிற்று. கண்ணால் பார்க்க முடியாத வானொலி நேயருக்காக அவர் ஒவ்வொரு கைமாற்றத்தையும் சொன்னபோது, தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தவரும் அதை விரும்பிக் கேட்டார். தொலைக்காட்சி வர்ணனையில் இவ்வளவு விவரம் தேவையில்லை என்பவர்களுக்கு நான் எப்போதும் காட்டும் எதிர்ச்சான்று அவர்தான்.

நிக்ஸ் அணியின் உள்ளூர் ஒளிபரப்பைச் சொல்பவரும் தேசிய ஒளிபரப்பின் முதன்மைக் குரலும் ஒருவரே, அதே மைக் பிரீன். அவர் நிக்ஸ் பக்கம் சாய்கிறார் என்று யாரும் வலுவாகக் குற்றம் சாட்டி நான் கேட்டதில்லை. அவர் அருகில் அமரும் வால்ட் ஃபிரேசியர், 1970-லும் 1973-லும் நிக்ஸ் கோப்பை வென்றபோது ஆடியவர். எதுகையோடு பேசுவது அவர் பாணி. ‘டிஷ்ஷிங் அண்ட் ஸ்விஷ்ஷிங்’ (பந்தைக் கைமாற்றுவதும் கூடையில் போடுவதும்) என்று அவர் சொல்லும்போது, ஆங்கிலம் அறியாதவருக்கும் அதன் ஓசை இனிக்கும்.

இறுதித் தொடரின் வர்ணனைக் குழுவை ஏன் அடிக்கடி மாற்றுகிறார்கள்? விளக்க வர்ணனையாளர் டோரிஸ் பர்க்கை நீக்கியது சரியா?
– மதுரை வாசகர்

இறுதித் தொடரை ஒளிபரப்பும் ஈ.எஸ்.பி.என். நிறுவனத்தின் முதன்மைக் குழுவில் பிரீனோடு பல ஆண்டுகள் இருந்த ஜெஃப் வான் கண்டியும் மார்க் ஜாக்சனும் 2023 கோடையில் விடுவிக்கப்பட்டார்கள். அதன்பின் டாக் ரிவர்ஸும் டோரிஸ் பர்க்கும் வந்தார்கள். ரிவர்ஸ் 2024 ஜனவரியில் மில்வாக்கி அணியின் பயிற்சியாளராகப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்த ஜே.ஜே. ரெடிக் சில மாதங்களிலேயே லேக்கர்ஸின் பயிற்சியாளரானார். பிறகு ரிச்சர்ட் ஜெஃபர்சன் வந்தார். 2025-26 பருவத்துக்குப் பர்க்குக்குப் பதிலாக டிம் லெக்லர் முதன்மைக் குழுவில் சேர்க்கப்பட்டார். ஒருவர் எங்கே மூச்சு விடுவார் என்று மற்றவருக்குத் தெரிய வேண்டிய தொழில் இது. அந்த இணக்கம் பல பருவங்கள் சேர்ந்து உட்கார்ந்தால்தான் வரும். ரசிகர்கள் குழுவில் உயிர் இல்லை என்று சொன்னதற்கு, தனி ஒருவரின் குறையைவிட இந்த ஓயாத மாற்றமே காரணம்.

பர்க்கைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். ப்ராவிடன்ஸ் கல்லூரிக்காக ஆடியவர், முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தத் தொழிலில் இருப்பவர், 2024-இல் என்.பி.ஏ. இறுதித் தொடரைத் தொலைக்காட்சியில் விளக்கிய முதல் பெண். அவருடைய விளக்கம் சில இரவுகளில் நீண்டது, நொடிக்கு நொடி தயங்கியது என்று ஒருவர் சொன்னால் அது விமரிசனம். ஆண் விளக்குநர்களுக்கும் அதே அளவுகோல்தான். ஆனால் அவரைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பாதி அவர் சொன்னதைப் பற்றியதே அல்ல. ஒரு பெண் குரல் அந்த இடத்தில் ஒலிப்பதைப் பற்றியது. அது விமரிசனம் ஆகாது. எதிரணி எந்தத் தடுப்பு முறைக்கு மாறியது என்பதைக் காட்சி மறுபடி வருவதற்கு முன்பே சொல்லக்கூடியவர் அவர். அந்தத் திறமைக்கு உரிய மரியாதையோடு அவரை நடத்தியிருக்கலாம் என்பது என் கருத்து.

டி.என்.டி. தொலைக்காட்சியில் ஆட்டங்களை அலசும் ‘இன்சைட் தி என்.பி.ஏ.’ நிகழ்ச்சி நின்றுவிட்டதா?
– சேலம் வாசகர்

நிற்கவில்லை. 2025-26 முதல் 11 ஆண்டுகளுக்கு, ஏறத்தாழ 7,600 கோடி டாலருக்கு, ஒளிபரப்பு உரிமையை ஈ.எஸ்.பி.என்.னின் தாய் நிறுவனமான டிஸ்னி, என்.பி.சி., அமேசான் மூன்றும் பெற்றன. 1989 முதல் ஆட்டங்களைக் காட்டிவந்த டி.என்.டி. உரிமையை இழந்தது. ஆயினும் எர்னி ஜான்சன், கென்னி ஸ்மித், சார்லஸ் பார்க்லி, ஷகீல் ஓ நீல் நால்வரும் அதே அட்லாண்டா அரங்கிலிருந்து நடத்தும் நிகழ்ச்சி இப்போது ஈ.எஸ்.பி.என்.னில் வருகிறது.

ஒளிபரப்பின் படப்பிடிப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லையே?
– ஈரோடு வாசகி

பேச வேண்டியதுதான். நடுக்கோட்டுக்கு நேராக, இருக்கைகளுக்கு நடுவே உயரத்தில் இருக்கும் முதன்மைக் கேமராதான் பத்துப் பேரையும் ஒரே சட்டகத்துக்குள் காட்டும். பந்து ஆட்டத்தில் இருக்கும்போது அந்தக் கோணத்தை விட்டுத் தரைமட்டக் கேமராவுக்குத் தாவினால், பந்து இல்லாத பக்கத்தில் எதிராளியின் வழியில் நின்று மறித்து (‘ஸ்கிரீன்’) அணித் தோழனை விடுவிக்கும் வீரர் காணாமல் போகிறார். கூடைப்பந்தின் பாதி அறிவு அங்கேதான் இருக்கிறது. பிரபலம் ஒருவர் வரிசையில் அமர்ந்திருப்பதைக் காட்டிவிட்டுத் திரும்பும்போது பந்து உள்ளே எறியப்பட்டிருப்பதும் அடிக்கடி நடக்கிறது.

வர்ணனையாளர் அமரும் இடமும் இதோடு சேர்ந்தது. ஆடுகள ஓரத்து இருக்கைகளுக்குப் பெரும் விலை கிடைப்பதால், பல அரங்கங்களில் வானொலி வர்ணனையாளர்களை மேலே, தொலைவுக்கு மாற்றிவிட்டார்கள். நடுவர் பயிற்சியாளரிடம் சொன்னதும் வீரர்கள் தங்களுக்குள் கூவிக்கொண்டதும் அங்கே எட்டாது.

பள்ளி அணிக்குப் பயிற்சி தருகிறேன். மாணவர்கள் யாருடைய வர்ணனையைக் கேட்டால் ஆட்டம் கற்பார்கள்?
– தூத்துக்குடி வாசகர்

ஹியூபி பிரவுன். பயிற்சியாளராக இருந்து வர்ணனைக்கு வந்தவர். 2025 பிப்ரவரியில், 91 வயதில், மில்வாக்கியில் நடந்த ஆட்டத்தோடு ஓய்வு பெற்றார். ‘நீங்கள்’ என்று நேயரையே பயிற்சியாளராக வைத்துப் பேசுவது அவர் வழக்கம். நீங்கள் மூன்று புள்ளி பின்தங்கியிருக்கிறீர்கள், உங்களிடம் டைம்-அவுட் (அணி கேட்டுப் பெறும் சிறு இடைநிறுத்தம்) எத்தனை மீதம், உங்கள் சிறந்த எறிதல்காரர் எந்தப் பக்கம் நிற்கிறார், எதிரணிக்கு ஃபவுல் எத்தனை என்று நிலைமையை நம் கையில் கொடுத்துவிட்டுத்தான் அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்வார்.

அவர் விளக்கிய பழைய ஆட்டம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி இரண்டு நிமிடங்களில் ஒரு டைம்-அவுட் முடிந்து வீரர்கள் களத்துக்குத் திரும்பும் இடத்தில், அவர் நிலைமையைச் சொல்லி முடித்ததும் காட்சியை நிறுத்திவிடுங்கள். பந்து யார் கைக்குப் போகும் என்று ஒவ்வொரு மாணவரையும் தாளில் எழுதச் சொல்லுங்கள். பிறகு ஓடவிடுங்கள்.