வெளிநாட்டில் பரிமாற்ற மாணவராக இருந்தபோது குளிர்காலமும் கிறிஸ்துமஸும் எப்படிக் கழிந்தன?

பொறியியல் படிப்பின் நடுவே ஒரு பருவத்துக்கு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் இருந்தேன். அங்கே குளிர்காலப் பருவம் அக்டோபரில் தொடங்கிப் பிப்ரவரித் தேர்வோடு முடியும். கிறிஸ்துமஸ் சரியாக நடுவில் வந்து நிற்கும்.

ஊரில் எல்லோரும் குளிரைச் சொல்லித்தான் பயமுறுத்தி அனுப்பினார்கள். என்னைக் கேட்டால் குளிர் இரண்டாம்பட்சம். நல்ல ஜாக்கெட்டும் தண்ணீர் புகாத, வழுக்காத காலணியும் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது; இரண்டையும் அங்கேயே வாங்குங்கள். அறைகள், வகுப்புகள், டிராம் எல்லாமே வெப்பமூட்டப்பட்டிருக்கும். தடித்த கம்பளி ஸ்வெட்டரோடு வகுப்பில் உட்கார்ந்தால் வியர்த்துவிடும். மெல்லிய உடைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்வதே வசதி.

ஆளை அசைப்பது இருட்டுதான். டிசம்பர் நடுவில் அங்கே காலை எட்டு மணியளவில்தான் சூரியன் எழும். மாலை நான்கு மணிக்கெல்லாம் மறைந்துவிடும். இடைப்பட்ட நேரத்திலும் பல நாள் மேகம் மூடியே கிடக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு வகுப்புக்குள் நுழைந்தால், வெளியே வரும்போது தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்கும். இந்திய நேரம் நாலரை மணி முன்னால் ஓடுகிறது. மாலை ஆறரைக்கு வீட்டு நினைப்பு வந்து போன் செய்தால், அம்மா பாதித் தூக்கத்தில் "சாப்பிட்டியாப்பா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். நவம்பரில் காரணமே இல்லாமல் சோர்வாக இருந்தது. பகல் பன்னிரண்டு மணிக்கு எல்பே ஆற்றங்கரையில் அரை மணி நேரம் நடப்பது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்ட பிறகு கொஞ்சம் தேறினேன்.

இந்த இருட்டுக்குள் இருந்து பார்த்தால்தான் அவர்களுடைய கிறிஸ்துமஸ் காலம் புரியும். பண்டிகைக்கு முந்தைய நான்காவது ஞாயிறு நெருங்கும்போது ஜன்னல்கள் ஒவ்வொன்றாக ஒளிரத் தொடங்கும். டிரெஸ்டன் இருக்கும் சாக்சனி மாநிலத்தின் தெற்கே எர்ட்ஸ்கெபிர்கே என்ற சுரங்க மலைப்பகுதி இருக்கிறது. குளிர்காலத்தில் விடியுமுன் சுரங்கத்தில் இறங்கி, இருட்டிய பின் ஏறி வந்தவர்கள் அங்கே வாழ்ந்தார்கள். வளைவாக மெழுகுவத்திகளை நிறுத்தும் ஜன்னல் விளக்கு அவர்களுடைய சொத்து. இன்று மெழுகுக்குப் பதில் சிறு பல்புகள். எங்கள் விடுதிக்கு எதிரே ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பு. அதன் ஜன்னல்களில் பாதிக்கு மேல் இந்த விளக்கு வளைவு இருந்தது.

நகரின் நடுவில் ஸ்ட்ரீட்ஸல்மார்க்ட் என்ற கிறிஸ்துமஸ் சந்தை. 1434இல் ஒரே ஒரு நாள் இறைச்சிச் சந்தையாகத் தொடங்கியது. இப்போது நான்கு வாரம் நடக்கிறது. மசாலா போட்டுச் சூடாக்கிய ஒயினைப் பீங்கான் குவளையில் தருவார்கள். குவளைக்குச் சில யூரோ முன்பணம். திருப்பிக் கொடுத்தால் பணம் வரும், வைத்துக்கொண்டால் நினைவுப் பொருள். குடிக்காதவர்கள் சிறுவர்களுக்கான சூடான பழரசத்தைக் கேட்கலாம், ஒருவரும் ஏளனமாகப் பார்க்க மாட்டார்கள். ஸ்டோலன் என்ற கேக், வெண்ணெயும் உலர்திராட்சையும் நிறைந்து, மேலே சர்க்கரைத் தூள் அப்பிக் கனமாக இருக்கும். நோன்புக் காலத்தில் வெண்ணெய் கூடாது என்ற பழைய தடையை 1491இல் போப் தளர்த்திய பிறகுதான் அதற்கு ருசியே வந்தது என்பார்கள். எனக்கு இரண்டு துண்டுக்கு மேல் இறங்கவில்லை.

என்னை நிறுத்திய கடை வேறு. மசாலா ரொட்டி விற்கும் கடை ஒன்றின் பலகையில் புல்ஸ்நிட்ஸ் என்று ஊர்ப்பெயர் எழுதியிருந்தது. டிரெஸ்டனிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர். இந்த ரொட்டிக்குப் பேர்போன அந்தச் சிற்றூரில்தான் 1682இல், பின்னாளில் தமிழில் புத்தகங்களை அச்சிட்ட பாதிரியார் சீகன்பால்கு பிறந்தார். நான் மயிலாடுதுறைக்காரன், 1706இல் அவர் வந்திறங்கிய தரங்கம்பாடியும், அவரை அடக்கம் செய்த புதிய எருசலேம் ஆலயமும் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்துச் சலித்த இடங்கள். கடைக்கார அம்மாளிடம் அரைகுறை ஜெர்மனில் இதைச் சொன்னேன். பெயரைக் கேட்டதும் தலையாட்டி, உடைந்த ரொட்டித் துண்டுகள் கொண்ட பை ஒன்றைப் பாதி விலைக்குக் கொடுத்தார். கிராம்பும் பட்டையும் மணக்கும் அந்தத் துண்டுகள் ஒரு வாரம் வந்தன.

பண்டிகை நாளன்றுதான் நமக்குப் பெரிய ஆச்சரியம். நம் ஊரில் தீபாவளியோ கிறிஸ்துமஸோ, அந்த நாளில்தான் தெரு நிரம்பி வழியும். அங்கே நேர்மாறு. நான்கு வாரம் தெருவில் கொண்டாடிவிட்டு, டிசம்பர் 24 மதியம் இரண்டு மணிக்குச் சந்தை முடிகிறது, கடைகளும் சாத்தப்படுகின்றன. கொண்டாட்டம் வீட்டுக்குள் போய்விடும். 25, 26 இரண்டும் பொது விடுமுறை. அடுத்து ஞாயிறு வந்தால் அன்றும் கடை இல்லை. விடுதியில் ஜெர்மன் மாணவர்கள் எல்லோரும் ஊருக்குப் போய்விட, சமையலறையில் நானும் ஒரு வியட்நாமிய மாணவியும் மட்டும் மிஞ்சினோம். அரிசி, பருப்பு, முட்டை, பால் ஆகியவற்றை 23ஆம் தேதிக்குள் வாங்கி வைத்துவிடுங்கள்.

வகுப்புத் தோழன் ஒருவன் 24 மாலை தன் வீட்டுக்குக் கூப்பிட்டான். விருந்தென்றால் என்னென்னவோ எதிர்பார்த்துப் போனேன். உருளைக்கிழங்கு சாலட்டும் வேகவைத்த சாசேஜும்தான். பெரிய சமையல் மறுநாள் வாத்துக்காம். அன்று யாரும் அடுப்படியில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பது அவர்கள் கணக்கு. தேவாலயம் போய் வந்து, சாப்பிட்டு, பரிசுப் பொதிகளை அன்றிரவே பிரித்தார்கள். அவனுடைய பாட்டி எனக்கும் ஒரு பொதி வைத்திருந்தார்: கையால் பின்னிய காலுறை, கரும்பச்சை நிறம், அளவு கொஞ்சம் பெரிது. யாராவது அப்படிக் கூப்பிட்டால் கூச்சப்படாமல் போங்கள். முன்கூட்டியே கேட்டு, கையில் ஒரு சிறு பரிசோடு, சொன்ன நேரத்துக்குப் போக வேண்டும், அவ்வளவே.

வெள்ளைக் கிறிஸ்துமஸ் பற்றி: எனக்கு மழைதான் கிடைத்தது. அந்தச் சமவெளியில் அது சகஜமாம். பனி ஜனவரியில் கொட்டியது. அப்போது சந்தை கிடையாது, ஜன்னல் விளக்குகளும் குறைந்துவிடும், தேர்வு வேறு கழுத்தை நெரிக்கும். பரிமாற்ற மாணவருக்கு உண்மையில் கடினமான மாதம் அதுதான். அதனால் ஊர் சுற்றும் பணத்தை எல்லாம் டிசம்பரிலேயே தீர்த்துவிடாமல், ஜனவரிக்கு ஒரு பயணத்தை மிச்சம் வையுங்கள். பிராக் நகரம் அங்கிருந்து ரயிலில் சில மணி நேரம்தான்.