டிராக்கில் ஓட்டும் டர்போ காருக்கு எந்த எஞ்சின் ஆயில் ஊற்றலாம்?

கேள்வி இதுதான்: அன்றாடம் ஓட்டிக்கொண்டு, அவ்வப்போது ரேஸ் டிராக்குக்கும் கொண்டுபோகிற டர்போ பெட்ரோல் காருக்கு கம்பெனி சொல்லும் 5டபிள்யூ-30 போதுமா, 20டபிள்யூ-50 ஊற்றலாமா, தனியாக ரேஸ் ஆயில் வாங்க வேண்டுமா?

எந்த டப்பா என்பது அப்புறம். முதலில் ஆயில் சூட்டைக் காட்டும் மீட்டர் ஒன்றை மாட்டுங்கள். எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போ ஒன்றைக் காவு கொடுத்த பிறகுதான் எனக்கு இது புத்தியில் ஏறியது.

என்னுடையது 1.2 லிட்டர் டர்போ ஹாட்ச்பேக். காரைக்குடியில் அதற்கு வேலை பார்க்கும் அண்ணன், அம்பாசடர், ஜீப், டிராக்டர் என்று முப்பது வருஷம் கை கறுத்தவர். முதல்முறை இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குக் கிளம்பும்போது, “என்னண்ணே ஊத்தலாம்?” என்று கேட்டேன். “கெட்டியா ஊத்திக்க தம்பி. வெயிலு வேற, வெரட்டி ஓட்டப்போற. 20-50 இருந்தா தாங்கும்” என்றார். கடையில் கிடைத்த சாதாரண மினரல் ஆயிலை வாங்கி ஊற்றினேன். மே மாதம். மூன்றாவது செஷன் முடிந்து, டிராக் ஓரம் காரை நிறுத்தும் பிட்டுக்குள் வந்ததும் எஞ்சினை அணைத்துவிட்டு நீர்மோர் தேடி ஓடினேன்.

அதே மாதிரி இன்னும் இரண்டு முறை. பிறகு ஒருநாள் காலையில் ஸ்டார்ட் பண்ணினால் நீலப் புகை. நானே கழற்றிப் பார்க்கிறேன் என்று பின்வாசல் தாழ்வாரத்தில் இறங்கினேன். எங்களுடையது ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் பழைய வீடு. தாழ்வாரம் முழுக்க ஆத்தங்குடிக் கல். தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்தால் மின்னுகிற கல், எஞ்சின் ஆயிலைக் குடித்துவிட்டால் திருப்பித் தருவதில்லை. நாலு பூ அப்படியே கறுத்துப்போயின. அப்பச்சிக்கு டர்போ போனதைவிட அந்த நாலு கல் போனதுதான் இன்றுவரை வருத்தம்.

டர்போவுக்கு ஆயில் வரும் குழாய்க்குள் கரி கட்டிக் கிடந்தது. கந்தரப்பம் சுட்டு முடித்த சட்டியின் விளிம்பில் ஒட்டியிருக்குமே, அதே கரி. சட்டிக்குள் புரண்டுகொண்டிருக்கும் எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் கருகாது. விளிம்பில் ஒட்டி நகராமல் நிற்கும் எண்ணெய்தான் கருகும். டர்போவிலும் அதுதான் நடக்கிறது. அதன் தண்டு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் சுற்று சுற்றும். ஒரு முனையில் 900 டிகிரியைத் தொடும் புகைவாயு, மறுமுனையில் காற்று, நடுவே அந்தத் தண்டைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம். ஓடுகிற ஆயில் சூட்டைச் சுமந்துகொண்டு போய்விடும். எஞ்சினை அணைத்தால் பம்ப் நின்றுவிடும், சூடு நிற்காது. தேங்கிய ஆயில் அங்கேயே வெந்து கரியாகும். ஆகவே ஆயில் எதுவானாலும் கடைசி லேப்பை, அதாவது டிராக்கின் கடைசிச் சுற்றை, மெதுவாக, டர்போவுக்கு வேலை கொடுக்காமல் ஓட்டி வாருங்கள். பிட்டுக்குள் வந்தபின் ஓரிரு நிமிடம் ஐடிலில் விடுங்கள். நீர்மோர் எங்கும் ஓடிவிடாது.

இனி கிரேடு. 5டபிள்யூ-40 என்பதில் முன்னால் இருக்கும் எண் குளிருக்கானது. 5டபிள்யூ ஆயிலைச் சோதிப்பது மைனஸ் 30 டிகிரியில், 10டபிள்யூ என்றால் மைனஸ் 25. நம்மூரில் மார்கழி விடியலில்கூட 18 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். 0டபிள்யூவா 10டபிள்யூவா என்று நம் ஆட்கள் சண்டை போடுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். பின்னால் இருக்கும் எண்ணைப் பாருங்கள். 100 டிகிரியில் ஆயில் எவ்வளவு கெட்டி என்பதை அது சொல்கிறது. அதன் அளவு சென்டிஸ்டோக், எண் கூடினால் கெட்டி கூடும். 30 கிரேடு என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை, 40 என்றால் 16.3 வரை, 50 என்றால் 21.9 வரை.

ஆனால் டிராக்கில் ஆயில் 100 டிகிரியில் நிற்காது. என் வண்டியில் திருமயம் பக்கம் ஹைவேயில் போனால் 95 முதல் 100. கோவை கரி ஸ்பீட்வேயில், அது 2.1 கிலோமீட்டர் சின்ன டிராக், நாலைந்து லேப்பில் 118. இருங்காட்டுக்கோட்டையில் மத்தியான வெயிலில் ஐந்தாவது லேப்பில் 130. ஒரு நடுத்தரமான 5டபிள்யூ-40 ஆயில் 130 டிகிரியில் கிட்டத்தட்ட 8 சென்டிஸ்டோக்குக்கு இறங்கிவிடும். 100 டிகிரியில் 20 கிரேடு ஆயில் இருக்கும் கெட்டி அவ்வளவுதான். அதே சூட்டில் 50 கிரேடு ஆயில் 10-ஐ ஒட்டி நிற்கும். அதாவது 100 டிகிரியில் 30 கிரேடு இருப்பதைப் போல. கணக்கை இப்படிப் பார்த்தபோதுதான், அந்த அண்ணன் சொன்ன 50 என்ற எண் தப்பே இல்லை என்று புரிந்தது. தப்பு, நான் வாங்கிய, சூட்டில் சீக்கிரம் கருகும் மினரல் ஆயிலும், சூட்டோடு அணைத்த கையும்.

அதற்காக எல்லோரும் 50-க்குத் தாவ வேண்டாம். கெட்டியான ஆயிலைத் தள்ள எஞ்சின் கூடுதல் பாடுபட வேண்டும், அதிலேயே சூடும் கூடும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வால்வ் டைமிங், செயின் டென்ஷனர் போன்ற ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் சமாச்சாரங்களுக்கும் அது பிடிக்காது. மீட்டர் 120-க்குள் நின்றால் 40 கிரேடு தாராளம். 130-ஐத் தொட்டால் நான் முதலில் செய்வது லேப்பைக் குறைப்பது: மூன்று லேப் விரட்டல், ஒரு லேப் ஆறவிடல். அடுத்தது ஆயில் கூலர். அதற்கும் அடங்காவிட்டால்தான் 50. 140 காட்டினால் எந்த ஆயில் ஊற்றியிருந்தாலும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள்.

டப்பாவின் பின்பக்கத்தில் நான் தேடுவது எச்.டி.எச்.எஸ். என்ற எண். 150 டிகிரியில், பேரிங்குக்குள் நசுங்கும் நிலையில் ஆயில் எவ்வளவு கெட்டியாக நிற்கிறது என்பதன் அளவு அது. டிராக்குக்கு 3.5-க்குக் குறையக் கூடாது. டப்பாவில் அந்த எண் இல்லாவிட்டால், ஐரோப்பிய கார் கம்பெனிகளின் அமைப்பு தரும் தரமான ஏசிஇஏ ஏ3/பி4 அல்லது சி3 என்று இருக்கிறதா பாருங்கள். இரண்டுக்குமே 3.5 கட்டாயம். ‘ஃபுல்லி சிந்தெடிக்’ என்ற எழுத்தை மட்டும் நம்பி வாங்காதீர்கள். நன்றாகச் சுத்திகரித்த கச்சா எண்ணெய் வகையையும் அந்தப் பெயரில் விற்கலாம் என்பது அமெரிக்காவில் 1999-ல் நடந்த ஒரு விளம்பரத் தகராறிலேயே முடிவாகிவிட்டது. அந்த வகையும் மோசமில்லை, பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம் என்கிறேன்.

ரேஸ் ஆயில் பற்றி. திங்கள்கிழமை அதே காரில் வேலைக்குப் போகிறவருக்கு அது வேண்டாம் என்பேன். ரேஸ் ஆயில் ஓரிரு பந்தயத்தோடு வடித்துக் கொட்டுவதற்காகச் செய்தது. மாதக்கணக்கில் அழுக்கைச் சுமக்கும் வேலை அதற்குக் கிடையாது. இன்னொரு விஷயமும் உண்டு. பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போ எஞ்சின்களில் குறைந்த ஆர்பிஎம்மில், உயர்ந்த கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால், ஸ்பார்க்குக்கு முன்பே பற்றிக்கொள்ளும் கோளாறு வரும். பிஸ்டனையே உடைக்கக்கூடியது. ஆயிலில் கால்சியம் அதிகமிருந்தால் அது கூடும் என்று கண்டுபிடித்து, மக்னீசியம் சேர்த்து மாற்றியமைத்தார்கள். 2020 மே மாதம் வந்த, அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பின் ஏபிஐ எஸ்பி தரத்தில் இதற்கான சோதனை உண்டு. வேடிக்கை என்னவென்றால், இது டிராக்கில் வருவதைவிட, செக்காலை ரோட்டில் நாலாவது கியரில் சோம்பேறித்தனமாக ஓட்டும்போது வருவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். அதனால் எஸ்பி போட்ட டப்பாவையே எடுங்கள்.

ஊருக்குள் இரண்டு கிலோமீட்டர் போய் நிறுத்துவதில் இன்னொரு வம்பு. எஞ்சின் சூடேறுவதற்குள் பெட்ரோல் கொஞ்சம் ஆயிலில் கலந்துவிடும். 40 கிரேடு ஆயில் டப்பாவில்தான் 40, எஞ்சினுக்குள் 30 ஆகியிருக்கலாம். டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஊற்றியதைவிட மட்டம் ஏறியிருந்தாலோ, டிராக்குக்கு முன்பே மாற்றிவிடுங்கள். மட்டம் எப்போதும் மேல் கோட்டில் இருக்கட்டும். நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி பம்ப் காற்றைக் குடித்தால் பேரிங் போக ஒரு நொடி போதும்.

நான் மாற்றுவது 5,000 கிலோமீட்டர் அல்லது இரண்டு டிராக் நாள், எது முந்துகிறதோ அது. விலை உயர்ந்த ஆயிலை ஊற்றி வருஷம் முழுக்க ஓட்டுவதைவிட, நடுத்தர விலை ஆயிலை அடிக்கடி மாற்றுவது மேல். பழைய ஃபில்டரை அறுத்து, மடிப்பை வெயிலில் விரித்துப் பார்ப்பேன். மினுங்கும் உலோகத் துகள் இருந்தால் கார் வீட்டில்தான் நிற்கும். ஆயிலை டீலரிடம் பில்லோடு வாங்குங்கள், போலி நிறைய நடமாடுகிறது. காலி டப்பாவை இரும்புக்கடைக்குப் போடும்முன் அதில் யாரும் போலியை நிரப்பி விற்காதபடி ஆணியால் நாலு ஓட்டை போட்டுவிடுங்கள்.

உங்கள் 5டபிள்யூ-30 விஷயம்: வாரன்டியில் இருக்கும் வண்டியென்றால் மேனுவலைத் திறந்து பாருங்கள். பல மேனுவல்களில் 30-க்குப் பக்கத்திலேயே 40-உம் அனுமதித்திருப்பார்கள். அப்படியிருந்தால் எஸ்பி தரத்தில், எச்.டி.எச்.எஸ். 3.5-க்கு மேல் உள்ள 5டபிள்யூ-40. என் வண்டியில் இப்போது ஓடுவதும் அதுதான். 30 மட்டுமே என்று எழுதியிருந்தால் 3.5 தரும் 5டபிள்யூ-30 வகையும் உண்டு, சி3 என்று போட்டிருக்கும். அதை ஊற்றி, மீட்டர் 115-ஐத் தாண்டினால் பிட்டுக்குள் வந்துவிடுங்கள்.