உலோகக் கண்ணாடி ஏன் ஒடிகிறது, எப்படி வளையும்? மண்டபத்துக்காரரிடம் சில கேள்விகள்

உலோகவியல் ஆராய்ச்சியில் இருக்கும் மண்டபம் ஊர்க்காரர் ஒருவர், நம் கடற்கரை ஊர்க்காரர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

அண்ணே, உலோகக் கண்ணாடி என்கிறார்களே, ஊடே பார்த்தால் அந்தப் பக்கம் தெரியுமா? (பாம்பன், படகுப் பட்டறை)

தெரியாது தம்பி. எஃகு மாதிரி பளபளப்பாக இருக்கும், அவ்வளவுதான். சாதாரண உலோகம் உறையும்போது அணுக்கள் வரிசை கட்டி நிற்கும். வரிசை கட்ட நேரமே கொடுக்காமல் குளிரவைத்தால், உருகிக் கிடந்த தாறுமாறோடு அப்படியே உறைந்துவிடும். அதுதான் உலோகக் கண்ணாடி. 1960இல் அமெரிக்காவின் கால்டெக் கல்வி நிறுவனத்தில் போல் டூவெஸ் குழு தங்கமும் சிலிக்கானும் கலந்த உருக்கை நொடிக்குப் பத்து லட்சம் டிகிரி அளவு வேகத்தில் குளிரவைத்து இதைச் செய்தது.

எஃகைவிட வலிமை என்று படித்தேன் சார். பிறகு ஏன் இழுத்தால் பட்டென்று ஒடிகிறது? (கீழக்கரை, கல்லூரி மாணவி)

நல்ல கேள்வி அம்மா. இரும்புக் கம்பியை வளைத்தால் வளைந்த இடம் கெட்டிப்படும். அணு வரிசையில் உள்ள பிசகுகள் நகர்ந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதால் வரும் கெட்டி அது. அதனால் அடுத்த வளைவை பக்கத்து இடம் வாங்கிக்கொள்ளும்.

உலோகக் கண்ணாடியில் வரிசையே இல்லை. சில பத்து அணுக்கள் சேர்ந்து இடம் மாறும். மாறிய இடம் கெட்டிப்படாமல் இன்னும் தளரும். வலையில் ஒரு கண் அறுந்தால் பாரம் எல்லாம் அதன் பக்கத்துக் கண்ணில் விழுமே, அதுபோல அடுத்தடுத்து அந்த வழியிலேயே தளர்ந்துகொண்டு போகும். கடைசியில் 10, 20 நானோமீட்டர் தடிமனுள்ள ஒரு சறுக்குப் பட்டையில் மொத்தச் சறுக்கலும் நடந்துவிடும். 2 சதவீதம் வரை இழுத்து விட்டால் பழைய அளவுக்கே திரும்பும். அதைத் தாண்டினால் போச்சு.

2006இல் ஒரு சோதனையில் உலோகக் கண்ணாடித் துண்டின் மேல் மெல்லிய தகர (வெள்ளீய) பூச்சு கொடுத்துப் பாரம் ஏற்றினார்கள். பட்டை வெளியே வந்த கோட்டின் ஓரமாகத் தகரம் உருகி, முத்து முத்தாகத் திரண்டு நின்றது. தகரம் உருக 232 டிகிரி வேண்டும். உள்ளே எவ்வளவு சூடு கிளம்பியிருக்கும் என்று பாருங்கள்.

சூடு காட்டி மெல்ல ஆறவிட்டால் இளகாதா? (ராமநாதபுரம், ஐ.டி.ஐ. ஆசிரியர்)

எஃகுக்கு அது சரி சார். இங்கே தலைகீழ். சூட்டில் அணுக்கள் இன்னும் நெருங்கி உட்கார்ந்துவிடும், அசைய இடம் குறையும், மேலும் நொறுங்கும். சில டிரான்ஸ்ஃபார்மர்களின் உள்ளே இருக்கும் இரும்புக் கண்ணாடி நாடா சுமார் 25 மைக்ரான்தான். வார்த்து எடுத்தபடியே இருக்கும் நாடாவை மடித்தாலும் ஒடியாது. காந்தக் குணத்துக்காகச் சூடேற்றிய பிறகு கை பட்டாலே சில்லாகும்.

வேடிக்கை என்னவென்றால், மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் முக்கி எடுத்து, மறுபடி அறை வெப்பத்துக்குக் கொண்டுவந்து, இதையே பலமுறை செய்தால் நெளிவு கூடுகிறது. 2015இல் வெளியான வேலை அது. உள்ளே எல்லா இடமும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. அந்த இழுபறியில் நெருக்கம் தளர்கிறது.

சரி, நம்பகமான வழி எது? (தொண்டி)

சறுக்கலை நிறுத்தப் பார்க்கக் கூடாது, பல பட்டைகளாகப் பிரித்துவிட வேண்டும். சிறு குண்டுகளால் மேற்பரப்பை அடிப்பது ஒரு வழி. என் கணிப்பில் சிறந்தது, கண்ணாடிக்குள்ளேயே கிளை கிளையாக மென்மையான படிகங்களை, அதாவது அணுக்கள் வரிசை கட்டிய பகுதிகளை, வளரவிடுவது. ஓடிவரும் பட்டை அதில் முட்டி நிற்கும், வேறிடத்தில் இன்னொன்று கிளம்பும். 2008இல் கால்டெக் குழு இப்படிச் செய்த சிர்கோனியம், டைட்டானியம் கலவை இழுவையில் 10 சதவீதத்துக்கு மேல் நீண்டது. ஆனால் அதில் பெரிலியம் உண்டு. அதன் தூசி நுரையீரலுக்கு விஷம். பட்டறையில் கிரைண்டர் வைத்துவிடாதீர்கள்.

புரொப்பல்லர் ஷாஃப்ட்டுக்கு ஆகுமா அண்ணே? (மறுபடி பாம்பன்)

ஆகாது. சில சென்டிமீட்டருக்கு மேல் தடிமனாக வார்ப்பதே கஷ்டம், விலையும் கட்டாது. சிர்கோனியம் வகையை உப்புத் தண்ணீர் புள்ளி புள்ளியாக அரிக்கும். குரோமியம் கலந்த இரும்பு வகை உப்பை நன்றாகத் தாங்கும், அதை மேல்பூச்சாகத் தெளிக்கலாம். ஷாஃப்ட் எஃகாகவே இருக்கட்டும் தம்பி.