ஓடும் காரைப் படமெடுக்க மகன் ஆசைப்படுகிறான்: அனுப்பலாமா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் குடியிருக்கிறோம். மகன் பிளஸ் டூ முடித்துவிட்டு, கார்களைப் படமெடுக்கும் போட்டோகிராபர் ஆகப்போவதாகச் சொல்கிறான். நண்பனின் கார் டிக்கியைத் திறந்துவைத்து அதில் உட்கார்ந்து, பின்னால் வரும் காரை அவன் படமெடுக்கும் வீடியோவைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. இரண்டு லட்சத்துக்குக் கேமரா வேறு கேட்கிறான். இது பிழைப்புக்கு ஆகிற வேலையா? தடுப்பதா, விடுவதா?

பதில்: அம்மா, நீங்கள் பயந்தது நியாயம். டிக்கியில் உட்காருவதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அதற்காகத் தொழிலையே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். இந்தத் தொழிலில் நல்ல படம் எடுக்கிறவர்கள் பெரும்பாலும் உங்கள் மகன் நினைப்பதைவிட மிக மெதுவாகப் போகும் வண்டிகளில்தான் எடுக்கிறார்கள். அந்தக் கணக்கு அவனுக்குப் புரிந்துவிட்டால் டிக்கி ஆசை தானாகப் போய்விடும்.

முதலில் டிக்கி ஏன் கூடாது என்று அவனிடம் காரணத்தோடு சொல்லுங்கள். வெறுமனே "விழுந்துடுவே" என்றால் இந்த வயதுப் பையன் கேட்கமாட்டான். டிக்கிக் கதவைத் திறந்துவிட்டு ஓட்டும்போது வண்டியின் பின்புறத்தில் காற்றழுத்தம் குறைந்து, சைலன்சர் புகை உள்ளே இழுக்கப்படும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமோ நிறமோ கிடையாது. தலைவலியும் தூக்கக் கலக்கமும்தான் முதல் அறிகுறி, அதை வெயில் என்று நினைத்துக்கொள்வார்கள். கால்களைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பவனுக்கு ஒரு நொடிக் கலக்கம் போதும். சட்டமும் இடம் தருவதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 123-வது பிரிவு, வண்டியின் உடற்பகுதிக்கு வெளியே ஆளை ஏற்றிச் செல்வதைத் தடுக்கிறது. சீட் பெல்ட் இல்லாவிட்டால் 194பி பிரிவில் 1,000 ரூபாய் அபராதம். ஆபத்தாக ஓட்டியதாக 184-வது பிரிவில் வழக்கு வந்தால், முதல் தடவையிலேயே சிறைத்தண்டனை வரை போகலாம். அந்த வழக்கு காரை ஓட்டிய நண்பன் தலையில்தான் விழும்.

இப்போது கணக்குக்கு வருவோம். கார் தெளிவாகவும் சாலை கோடுகோடாகவும் தெரிகிற படத்தை ரோலிங் ஷாட் என்பார்கள். இரண்டு வண்டியும் ஒரே வேகத்தில் போவதால் கேமராவுக்குக் கார் அசையாமல் நிற்கிறது, சாலை மட்டும் ஓடுகிறது. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் சாலை எவ்வளவு தூரம் நகர்கிறது என்பதுதான் படத்தில் தெரியும் வேகம். 100 கிலோமீட்டர் வேகத்தில் 1/80 நொடி வைத்தால் சாலை சுமார் 35 சென்டிமீட்டர் நகரும். 40 கிலோமீட்டரில் 1/30 நொடி வைத்தால் 37 சென்டிமீட்டர். அதாவது 40-ல் போய் எடுத்த படம் 100-ல் போனதைவிட ஒரு பிடி அதிக வேகமாகவே தெரியும்.

சக்கரமும் அப்படித்தான். 16 அங்குல ரிம், 205/55 டயர் என்றால் ஒரு சுற்று ஏறத்தாழ 2 மீட்டர். 40 கிலோமீட்டர் வேகத்தில் 1/30 நொடியில் சக்கரம் 67 டிகிரி சுழலும். ஐந்து ஆரம் உள்ள அலாய் வீலில் ஆரத்துக்கு ஆரம் 72 டிகிரி இடைவெளி, ஆகவே ஆரங்கள் ஒன்றோடொன்று கலந்து அழகாகச் சுழல்வது போலத் தெரியும். அதே வேகத்தில் 1/200 வைத்தால் 10 டிகிரிதான் நகரும், வண்டி நிறுத்திவைத்தது போல இருக்கும். புதிதாக வருகிறவர்கள் படம் ஆடிவிடக்கூடாது என்று 1/200-ல் எடுப்பார்கள். வேகம் தெரியவில்லையே என்று வண்டியை 80, 90-க்கு விரட்டுவார்கள். விபத்துக்கு இதுதான் பாதை.

சரியாக எடுக்கும் முறை இது. போக்குவரத்து இல்லாத, அனுமதி வாங்கிய இடம் வேண்டும். மூடிய சாலை, தனியார் வளாகம், பந்தயத் தடம் என்று ஏதாவது ஒன்று. ஆட்கள் குறைந்தது நான்கு பேர்: இரண்டு டிரைவர்கள், படமெடுப்பவர், கேமரா வண்டியின் முன் சீட்டில் சாலையை மட்டுமே பார்க்க ஒருவர். இந்த நான்காவது ஆளைத்தான் எல்லோரும் மிச்சம் பிடிப்பார்கள். படமெடுப்பவர் கண் திரையில் இருக்கும், டிரைவர் கண் அடிக்கடி கண்ணாடிக்குப் போகும். முன்னால் பள்ளத்தையும் நாயையும் பார்க்க யாராவது வேண்டாமா? அடுத்த வண்டிக்கு ஸ்பீக்கர் போனில் சொல்வதும் அவர் வேலை, டிரைவர்கள் போனைக் கையில் தொடக்கூடாது. கேமரா வண்டி 40-ல் சீராகப் போக வேண்டும், படத்தில் வரும் கார்தான் முன்னே பின்னே நகர்ந்து இடம் பிடிக்க வேண்டும். இரண்டும் மாறிமாறி வேகத்தைத் திருத்தினால் ஒரு படமும் உருப்படாது. பக்கவாட்டில் குறைந்தது 2 மீட்டர் இடைவெளி.

தொடக்கத்தில் பக்கவாட்டுப் படம் மட்டும் போதும். பின் சீட்டில் வலதுபுறம் பெல்ட் போட்டு உட்கார்ந்து, இடது ஜன்னல் கண்ணாடியை இறக்கி, அதன் வழியாக எடுக்கலாம். கேமரா ஜன்னலிலிருந்து இரண்டடி உள்ளே இருக்கும். காரின் முகம் தெரிய வேண்டுமானால் இடது சீட்டுக்கு மாறி, திருப்பக்கூடிய திரையைப் பார்த்துக்கொண்டு கேமராவை மட்டும் ஜன்னலோரத்தில் பின்னோக்கிப் பிடிக்க வேண்டும். தலையும் தோளும் உள்ளேதான். கேமரா வார் கழுத்தில் இருக்கட்டும். லென்ஸ் முனையில் மாட்டும் வெயில் மறைப்பு (லென்ஸ் ஹூட்) காற்றைப் பிடித்து இழுக்கும், கழற்றிவிட வேண்டும்.

கெடுவது எங்கே? முழங்கையைக் கதவில் ஊன்றினால் என்ஜின் அதிர்வு நேராகக் கேமராவுக்கு ஏறும். கையை உடம்போடு ஒட்டிவைத்தால் உடம்பே அதிர்வை வாங்கிக்கொள்ளும். போகஸ் புள்ளி ஹெட்லைட்டிலோ காரின் சின்னத்திலோ இருக்க வேண்டும், கண்ணாடியில் வைத்தால் பிரதிபலிப்பைப் பிடித்துக்கொள்ளும். கேமராவைத் தொடர் போகஸிலும் தொடர் ஷட்டரிலும் வைக்க வேண்டும். 1/30-ல் நூறு எடுத்தால் கூர்மையாக ஐந்தாறு தேறும். அது தொழிலின் இயல்பு, பையன் சோர்ந்துபோக வேண்டாம். கேமரா வண்டியின் நிழல் காரின் மீது விழுகிறதா என்று கிளம்புமுன் பார்த்துவிட வேண்டும். இதைக் கவனிக்காமல் ஒரு காலை முழுவதையும் வீணடிப்பவர்கள் உண்டு. போலரைசர் பில்டர் போட்டால் முன்கண்ணாடிப் பளபளப்பு போகும், ஆனால் பக்கக் கண்ணாடிகளில் புள்ளிபுள்ளியாகத் திட்டுகள் தெரியலாம். அவை பதப்படுத்திய கண்ணாடி என்பதால் அப்படி. பில்டரைச் சற்றுத் திருப்பினால் குறையும்.

நீங்கள் நிம்மதியாக விடக்கூடிய இன்னொரு முறையும் இருக்கிறது. காரின் உடம்பில் வெற்றிடக் கப்புகளால் 4 முதல் 6 மீட்டர் நீளக் கம்பத்தைப் பொருத்தி, நுனியில் கேமராவை மாட்டுவார்கள். இதற்கு ரிக் என்று பெயர். என்ஜினை அணைத்துவிட்டு, ஒருவர் ஸ்டியரிங்கைப் பிடிக்க, இரண்டு பேர் காரை மெல்லத் தள்ளினால் போதும். நடைவேகத்துக்கும் குறைவாக, 3 கிலோமீட்டரில் தள்ளி 1 நொடி ஷட்டர் வைத்தால் கார் 83 சென்டிமீட்டர் நகரும். 40-ல் ஓட்டி எடுத்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல்! பெரிய விளம்பரங்களில் பார்க்கும் பாய்ச்சல் படங்கள் பல இப்படி எடுத்தவைதான். கம்பத்தைப் பிறகு கணினியில் அழித்துவிடலாம். கப் ஒட்டுமிடத்தைத் துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். மறுபெயின்ட் அடித்த பகுதியிலும் ஸ்டிக்கர் ஒட்டிய பகுதியிலும் ஒட்டக்கூடாது, பெயின்ட் பெயர்ந்து வந்தால் காசு இவன் கொடுக்க வேண்டியிருக்கும். கேமராவுக்கு எப்போதும் தனியாக ஒரு பாதுகாப்புக் கயிறு.

கேமராவுக்கு இரண்டு லட்சம் இப்போது வேண்டாம். மெதுவான ஷட்டருக்கு எப்படியும் லென்ஸ் துவாரத்தைச் சுருக்கித்தான் ஆக வேண்டும், ஆகவே விலையுயர்ந்த பெரிய துவார லென்ஸால் இந்த வேலையில் பெரிய பயன் இல்லை. கேமராவோடு வரும் 18–55 லென்ஸே போதும். எஃப் எண் ஏற ஏறத் துவாரம் சுருங்கும், ஐஎஸ்ஓ என்பது கேமராவின் ஒளி உணர்திறன். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 8 வைத்தால் ஷட்டர் 1/400 வந்துவிடும். ஒளியை எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும் என்டி 8 என்ற கறுப்புக் கண்ணாடி பில்டரைப் போட்டால் அது 1/50 ஆகும், எஃப் 11-க்குப் போனால் 1/25. முதலில் வாங்க வேண்டியது ஒரு என்டி 8, ஒரு போலரைசர். மற்றதை வேலை வரும் நாளில் வடபழனி, சாலிகிராமம் பக்கம் வாடகைக்கு எடுக்கலாம். இரண்டு வருடம் கழித்து வேலை நிலைத்தால் சிறுதொழிலுக்கான மத்திய அரசுத் திட்டமான முத்ரா கடன் இருக்கிறது: சிசு பிரிவில் 50,000 வரை, கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரை.

பயிற்சியை வீட்டுப் பக்கத்திலேயே தொடங்கலாம். நடைபாதையில் நின்று, போகும் மாநகரப் பேருந்தைக் கேமராவோடு தொடர்ந்து திரும்பி எடுக்கட்டும். முதலில் 1/125, பிறகு 1/60, 1/30. 1/30-ல் பேருந்தின் தட எண் படிக்கிற மாதிரி வந்தால் கை பழகிவிட்டது. எண்ணூர் விரைவுச் சாலை, திருவொற்றியூர் நெடுஞ்சாலை, மணலி சாலை இங்கெல்லாம் வண்டியிலிருந்து எடுக்கவே கூடாது. கன்டெய்னர் லாரிகள் இரவு பகல் ஓடும், ஓரத்திலும் வரிசையாக நிற்கும், விலக இடமிருக்காது. துறைமுகம், சுத்திகரிப்பு ஆலை, அனல் மின் நிலையம் ஆகியவற்றின் வாசலும் மதிலும் பின்னணியில் வந்தால் காவலர்கள் கேமராவைக் கேட்பார்கள், அந்தத் தலைவலியும் வேண்டாம். இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் போட்டி நடக்கும்போது பார்வையாளர் பகுதியிலிருந்தே நிறையக் கற்றுக்கொள்ளலாம். 2024-ல் தீவுத்திடலைச் சுற்றி ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் நடந்ததே, அது போன்றவை வந்தால் விட வேண்டாம்.

பிழைப்பு பற்றிக் கேட்டீர்கள். ரோலிங் ஷாட்டை மட்டும் நம்பினால் பிழைக்க முடியாது. மாதச் சோறு போடுவது ஷோரூம் டெலிவரிப் படங்கள், பழைய கார் விற்பனையாளர்களின் பட்டியல் படங்கள், கார் அலங்காரக் கடைகள், உரிமையாளர் கிளப்புகள். வடசென்னைக்காரர்களுக்கு வண்டித் தொழில் புதிதில்லை. எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு, எம்ஆர்எஃப் எல்லாம் இங்கே வளர்ந்தவைதானே. லாரி, பேருந்து, டிரெய்லர் வைத்திருப்பவர்கள் இங்கே ஏராளம், அவர்களுக்கு நல்ல படம் எடுத்துத் தருபவர்கள் குறைவு. என் கணிப்பில் உங்கள் மகனுக்கு முதல் வருமானம் அங்கிருந்துதான் வரும். பெரிய விளம்பர வேலையில் இப்போது காரையே கணினியில் உருவாக்கி, உண்மையான சாலைப் படத்தின் மேல் பொருத்துகிறார்கள். அந்தப் பின்னணிப் படத்தையும், அங்கே சுற்றிலுமுள்ள வெளிச்சத்தைப் பதியும் 360 டிகிரிப் படத்தையும் எடுத்துத் தர போட்டோகிராபர் வேண்டும். ஆகவே போட்டோஷாப்போடு முப்பரிமாண மென்பொருள் ஒன்றும் தெரிந்திருந்தால் பத்து வருடம் கழித்தும் வேலை இருக்கும்.

படிப்பை விடவேண்டாம். தரமணியில் உள்ள அரசு எம்.ஜி.ஆர். திரைப்பட நிறுவனத்தில் ஒளிப்பதிவுப் பட்டப்படிப்பு இருக்கிறது. கடற்கரை நிலையத்திலிருந்து பறக்கும் ரயிலில் போய்வரலாம். இடம் கிடைக்காவிட்டால் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்), அதுவும் இல்லையென்றால் ஏதாவது ஒரு பட்டம். ஆறு மாதச் சான்றிதழுக்கு லட்சக்கணக்கில் கேட்கும் இடங்களுக்குப் பணம் கட்டாதீர்கள். 18 முடிந்ததும் ஓட்டுநர் உரிமம் எடுத்து நிதானமாக ஓட்டப் பழகட்டும். டிரைவரிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்பது தானே ஓட்டினால்தான் தெரியும்.

இந்த வாரம் அவனிடம் ஒன்று கேளுங்கள். நிற்கும் கார் 10 படம், நடைபாதையிலிருந்து எடுத்த பேருந்து 10 படம், தெருவில் தள்ளி எடுத்த ரிக் படம் 2. ரிக் இல்லாவிட்டால் இரண்டு மீட்டர் கம்பைக் காரோடு இறுகக் கட்டி, நுனியில் பழைய போனை மாட்டிப் பார்க்கலாம். மூன்று மாதத்தில் இவை தயாரானால் நண்பர்களை விட்டுவிட்டு, கார் படமெடுக்கும் ஒரு போட்டோகிராபரிடம் உதவியாளராகச் சேரலாம். சேருமுன் அவரிடம் இரண்டு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: ஓடும் வண்டியில் எடுக்கும்போது எத்தனை பேர் வருவார்கள், வேலையாட்களுக்கு விபத்துக் காப்பீடு உண்டா. இதற்கு நேராகப் பதில் சொல்லாதவரிடம் அனுப்பாதீர்கள்.