கம்பளையா, நாவலப்பிட்டியா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

கண்டியில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். மகனுக்கு நான்கு வயது, மகளுக்கு எட்டு மாதம். சம்பளத்தில் பாதி வீட்டு வாடகைக்கே போகிறது. கம்பளையிலோ நாவலப்பிட்டியிலோ வீடெடுத்து, தினமும் ரயிலில் வந்துபோகலாம் என்று மனைவியும் நானும் யோசிக்கிறோம். எந்த ஊர் நல்லது? வீடு பார்க்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

எஸ்., கண்டி

அன்புள்ள எஸ்.,

கம்பளைதான். கண்டியிலிருந்து அது சுமார் 20 கிலோமீட்டர், நாவலப்பிட்டி ஏறக்குறைய அதன் இரு மடங்கு. நுவரெலியா பஸ், ஹட்டன் பஸ் இரண்டுமே கம்பளை வழியாகத்தான் போகின்றன. ஒன்றை விட்டால் மற்றொன்று வரும். நாவலப்பிட்டிக்கு அந்த வசதி இல்லை, மழையும் அங்கே கூடுதல்.

ரயிலை மட்டும் நம்ப வேண்டாம். பேராதனைச் சந்தியிலிருந்து மேலே ஒற்றைத் தண்டவாளம். கொழும்பு வண்டி சுணங்கினால், அதற்கு வழிவிட உங்கள் வண்டியும் ஸ்டேஷனில் காத்துக் கிடக்கும். 2025 நவம்பர் டித்வா புயலில் மலையகப் பாதை பல இடங்களில் உடைந்ததையும் பார்த்தோம். சீசன் டிக்கெட் எடுக்குமுன், வேலை நாளில் இரண்டு தடவையாவது போய்வந்து பாருங்கள். முக்கியமாக மாலையில், கண்டியிலிருந்து பேராதனை தாண்ட எவ்வளவு நேரமாகிறது என்று.

இனி வீடு. வீட்டுக்காரர் முன்வாசலையும் டைல்ஸையும் காட்டுவார். நீங்கள் நேரே பின்பக்கம் போங்கள். மலையை வெட்டி மட்டமாக்கிக் கட்டிய வீடென்றால், குசினிச் சுவருக்கும் வெட்டிய மண்மேட்டுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது? கைநீட்டினால் மண் தொடுகிறதென்றால் அந்த வீடு வேண்டாம், வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும். மேட்டுக்குத் தாங்குசுவர் கட்டியிருந்தால் அதில் பி.வி.சி. குழாய்த் துண்டுகள் செருகியிருக்கும். மண்ணுக்குள் ஊறிய தண்ணீர் வெளியேறும் வழி அதுதான். நல்ல மழை பெய்த மறுநாள் போங்கள். குழாய் காய்ந்து கிடக்க, சுவர் மட்டும் ஈரமாகப் பாசி பிடித்திருந்தால் குழாய் அடைத்துவிட்டது. உள்ளே தேங்கும் தண்ணீரின் பாரம் முழுவதும் சுவர்மேல்தான். சுவர் நடுவில் வயிறு தள்ளியிருந்தால் பேச்சே இல்லை, திரும்பிவிடுங்கள். மேட்டின் உச்சியில் நிலம் பிளந்திருக்கிறதா, மரங்களும் மின்கம்பமும் சாய்ந்திருக்கின்றனவா, புதிதாக ஊற்று கிளம்பியிருக்கிறதா என்றும் ஏறிப் பாருங்கள். அந்த இடம் மண்சரிவு அபாய வலயத்தில் இருக்கிறதா என்று கிராம சேவகரிடமும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்திலும் கேட்கலாம். மேடு பயமென்று ஆற்றோரம் இறங்கினால் அங்கே மகாவலி இருக்கிறது. டித்வாவில் கம்பளை நகருக்குள்ளேயே வெள்ளம் வந்தது. பக்கத்துக் கடைக்காரரிடம் தண்ணீர் எதுவரை ஏறியது என்று கேளுங்கள், சுவரில் கைவைத்தே காட்டுவார்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் வாடகையைவிடப் பெரிய விஷயம்: உங்கள் வாக்கு எங்கே பதிந்திருக்கிறது? மலையகத்தில் பலருக்கு வேலை நகரத்தில், வாக்கு இன்னும் பிறந்த தேயிலைத் தோட்டத்தில். அரசாங்கப் பாடசாலையில் முதலாம் தரத்துக்குப் போட்டி இருந்தால், அருகில் வசிப்போர் பிரிவில் வாக்காளர் இடாப்பின் ஐந்து வருடப் பதிவுக்குப் புள்ளி உண்டு. ஜனவரி 31இல் ஐந்து வயது பூர்த்தியான பிள்ளையைத்தான் சேர்ப்பார்கள், விண்ணப்பம் அதற்கு முந்தைய வருடமே. ஆகவே மகன் விஷயத்தில் காலம் கடந்துவிட்டது. அவனுக்கு, இருக்கும் இடங்களைவிட விண்ணப்பங்கள் அதிகம் வராத பாடசாலையைத் தேடுங்கள், அதிபரிடம் நேரடியாகவே கேட்கலாம். மகளுக்காக, உங்கள் வாக்கைப் புது முகவரியில் இப்போதே பதிந்தால் அந்தப் புள்ளியில் பெரும்பகுதி கைக்கு வரும். சிக்கல் எங்கே வருமென்றால், வாடகைக்காரர் பெயரைப் பதிய விட்டால் வீடு பறிபோய்விடும் என்று வீட்டுக்காரர்கள் பயப்படுவார்கள். அட்வான்ஸ் கொடுக்குமுன் இதைப் பேசி முடியுங்கள், கொடுத்த பிறகு பேச முடியாது. உடன்படிக்கையை நொத்தாரிசிடம் எழுதிப் பதிவும் செய்துகொள்ளுங்கள். வெறும் கைக்கடதாசி பாடசாலை நேர்முகத்தில் நிற்காது.

கைக்குழந்தை இருப்பதால் காலை வெயில் விழும் வீடாகப் பாருங்கள். மே முதல் செப்டெம்பர் வரை உடுப்புக் காயாது. கூரைக்குக் கீழே கொடி கட்ட இடமில்லாத வீட்டில் துணிகளெல்லாம் படுக்கையறையில் தொங்கும், சுவர் பூஞ்சணம் பிடிக்கும். அலுமாரியை நகர்த்தி அதன் பின்சுவரைப் பாருங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த வாசம் ஒரே ஒரு சுவரில் மட்டும் வந்தால் ஏன் என்று கேளுங்கள்.

மகளுக்கு ஒன்பதாம் மாதத் தடுப்பூசி வருகிறது. கண்டியில் உங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லிவிட்டு, கம்பளைக்கு வந்த வாரமே அங்குள்ள சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்.) அலுவலகத்தில் பதியுங்கள். கிளினிக் புத்தகத்தை லொறிச் சாமானோடு போடாதீர்கள், கைப்பையில் இருக்கட்டும்.