முள்ளுக்காடும் காடுதான்

அன்புள்ள ஐயா,

நன்மங்கலம் காப்புக்காட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். போன வருடம் ஜூன் 5, சுற்றுச்சூழல் தினத்தன்று எங்கள் குடியிருப்போர் நலச்சங்கத்தில் 150 கன்றுகள் வைத்தோம். வெறும் முட்புதராகக் கிடந்த புறம்போக்கை ஜேசிபி விட்டுச் சுத்தம் செய்துதான் வைத்தோம். இன்றைக்கு 38 தான் மிச்சம். இந்த வருடமும் வைக்கலாம் என்கிறார்கள், எனக்கு மனசே வரவில்லை. சீக்கிரம் வளர்ந்து நல்ல நிழல் தருகிற மரம் எது? இன்னொரு சந்தேகம். காப்புக்காட்டை வெளியிலிருந்து பார்த்தால் பெரிய மரமாக ஒன்றும் தெரியவில்லை, முள்தான். இதைப் போய் ஏன் காடு என்று பாதுகாக்கிறார்கள்?

ச., மேடவாக்கம்

அன்புள்ள ச.,

கன்று செத்ததற்கு உங்களை நொந்துகொள்ளாதீர்கள். ஜூன் 5 உலகத்துக்குக் குறித்த தேதி, சென்னைக்குக் குறித்ததல்ல. கத்திரி முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும், தரை இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும். நமக்கு வருடத்துக்குச் சுமார் 1400 மில்லிமீட்டர் மழை, அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. ஜூனில் வைத்த கன்று அதுவரை உங்கள் பக்கெட்டை நம்பித்தான் இருக்க வேண்டும், போட்டோ எடுத்த பிறகு பக்கெட்டைத் தூக்க யார் வருகிறார்கள்? புரட்டாசி கடைசியில் வைத்துப் பாருங்கள்.

சரி, இது சின்ன விஷயம். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த ஜேசிபி.

நீங்கள் சுத்தம் செய்த அந்த முட்புதர்தான் இந்த ஊரின் சொந்தக் காடு. சோழமண்டலக் கரையை ஒட்டி ஒரு மெல்லிய பட்டையாக ஓடிய உலர் பசுமைமாறாக் காடு இது, அதாவது வறண்ட மாதங்களிலும் பச்சை மாறாமல் நிற்கிற காடு. கிண்டி தேசியப் பூங்காவின் 270 ஹெக்டேர் அதன் மிச்சம்தான், உங்கள் நன்மங்கலமும் அந்தக் குடும்பம். இங்கே மரங்கள் வானத்தைத் தொடாது. மாதக்கணக்கில் மழையில்லாமல் தாக்குப்பிடிக்க வேண்டுமே, அதனால் சின்ன இலை, தடித்த இலை, குட்டை உயரம், ஆடு மாடு கடிக்காமலிருக்க முள். காரை, களா, சூரை, சங்கஞ்செடி எல்லாம் இந்தக் கூட்டம். கண்ணனைக் காயாம்பூ வண்ணன் என்கிறோம், அந்தக் காயாவும் இந்தக் கடற்கரைக் காட்டுச் செடிதான். திருவேற்காடு என்று பெயர் வைத்தவர்கள் வேலமரம் நின்ற இடத்தைக் காடு என்றுதான் சொன்னார்கள். திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயிலின் தலமரம் வன்னி, அதுவும் முள்மரம்தான். காடு என்றால் ஊட்டி மாதிரி இருக்க வேண்டும் என்ற எண்ணம் நமக்கு எப்போது வந்தது என்று தெரியவில்லை, சினிமாப் பாட்டைப் பார்த்து வந்திருக்கலாம்.

நன்மங்கலத்தில் பழைய கல்குவாரிப் பாறைகளில் கொம்பன் ஆந்தை இருக்கிறது. அதற்கு வேண்டியது பாறை இடுக்கும், எலி ஓடுகிற புதரும். கிண்டியில் இருக்கும் வெளிமானுக்குப் பெயரிலேயே வெளி இருக்கிறது, அது மேய்கிற புல்வெளியில் மரத்தை நட்டு நிரப்பினால் அதற்கு நல்லது செய்ததாக ஆகாது. அதனால் புதரை வழித்துவிட்டு மரம் நடுவது என்பது, என் கணக்கில், குடியிருக்கிற வீட்டை இடித்துவிட்டுப் பந்தல் போடுகிற வேலை. கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம், பத்து வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் செய்திருப்பேன்.

ஒன்றை மட்டும் பிடுங்கலாம், சீமைக் கருவேலம். வெட்டினால் தூரிலிருந்து மறுபடி தழைக்கும், வேரோடு எடுக்க வேண்டும். முள் இருப்பதெல்லாம் சீமைக் கருவேலம் என்று எடுத்துவிடாதீர்கள், செடி தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். காப்புக்காட்டு எல்லைக்குள் என்றால் நாம் கையே வைக்கக் கூடாது, அது வனத்துறை வேலை.

அப்புறம் நிழல். சீக்கிரம் வளர்கிற மரம் கேட்கிறீர்கள். 2016 டிசம்பர் 12, வர்தா புயல் அடித்த மறுநாள் காலையில் எங்கள் தெருவில் நடக்கவே முடியவில்லை. சாய்ந்து கிடந்ததில் பெரும்பாலும் மே ஃப்ளவரும் தூங்குமூஞ்சியும்தான், வேகமாக வளர்ந்து அழகாக விரிகிற மரங்கள். ஆனால் மரத்தை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். ஒரு மே ஃப்ளவரின் அடிப்பக்கம் தட்டு மாதிரி செங்குத்தாக நின்றது, தெருப்பக்கத்து வேர் முழுக்கக் கத்தியால் கேக்கை நறுக்கியதுபோல ஒரே கோட்டில் அறுபட்டிருந்தது. கேபிளுக்குப் பள்ளம் தோண்டியவர்கள் செய்த வேலை. ஒரு கால் இல்லாமல் அது அத்தனை வருடம் நின்றதே பெரிது.

எங்கள் வீட்டு வாசலில் ஒரு புங்கமரம் தப்பித்தது. அதற்கும் ஒரு ஒப்பந்தக்காரர் நடைபாதை போடுகிறேன் என்று தண்டு வரைக்கும் சிமென்டைப் பூசிவிட்டுப் போயிருந்தார். நானும் எதிர்வீட்டு அண்ணனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடப்பாரை எடுத்து உடைத்தோம். கீழே மண் சாம்பல் மாதிரி இருந்தது, ஈரமே இல்லை, ஒரு மண்புழு கிடையாது. வேர்கள் சிமென்டை ஒட்டியே கயிறு கயிறாகப் படுத்திருந்தன. மூன்றடிக்குச் சதுரமாகத் திறந்துவிட்டு, அதன் சருகையே உள்ளே போட்டு மூடினோம். டியூஷன் விளம்பரம் மாட்டிய ஆணிகளைக் குறடு வைத்துப் பிடுங்கினால் பதினொன்று வந்தது. இதற்கு மாலை வரைக்கும் ஆயிற்று, ஆளுக்கு இரண்டு டீ செலவு. இன்றைக்கு அதன் கீழேதான் இஸ்திரி வண்டி நிற்கிறது.

அதனால் இந்த வருடம் உங்கள் சங்கத்தில் கன்றுக்கு வைத்திருக்கும் பணத்தில் இரண்டு கடப்பாரை, ஒரு குறடு வாங்கச் சொல்லுங்கள். ஜேசிபி விட்ட இடத்துக்கு ஒரு வேலி போட்டு அப்படியே விடுங்கள். கொண்டைக்குருவிகள் களாப்பழத்தைத் தின்றுவிட்டு வந்து நட்டுக்கொள்ளும், அவை தேதி பார்ப்பதில்லை.

பிழைத்த 38 என்னென்ன மரம் என்று எழுதவே இல்லையே. வேம்பும் புங்கமும் பூவரசுமாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். இலையைக் கிட்டத்தில் படமெடுத்து அனுப்புங்கள்.