பழைய ரயில் தடத்தில் சைக்கிள் ஓட்டுவது ஏன் சுலபம்?

ரயில் நின்றுபோன தடத்தில் தண்டவாளத்தை எடுத்துவிட்டு, நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் அமைத்த நீண்ட பாதைகள் இவை. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் உள்ள கேட்டி டிரெயில் சுமார் 386 கிலோமீட்டர். பெரும்பகுதி மிசௌரி ஆற்றை ஒட்டியே போகிறது.

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் செங்குத்தாக ஏறாது, வழுக்கும். அதனால் ரயில் பாதை போட்டபோதே மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, ரோச்போர்ட் ஊர் அருகே பாறையைக் குடைந்து சுரங்கமும் போட்டார்கள். மலையைச் சுற்றி மெல்ல இறங்கும் வாய்க்கால் மாதிரி, தடத்தின் சரிவும் மெல்லியதுதான்; அதனால்தான் சைக்கிள் ஓட்டுவது சுலபம். இப்போது பொடித்த சுண்ணாம்புக்கல் பரப்பியிருக்கிறார்கள். மூட்டுவலிக்காரர்களுக்கு இதைவிட நல்ல பாதை கிடைப்பது அரிது.

இங்கே இனி ரயில் வரவே முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, அமெரிக்காவின் தேசியப் பாதைகள் சட்டத்துக்கு 1983-ல் வந்த திருத்தப்படி இது ரயிலுக்காகவும் காத்துவைத்த தடம், தேவைப்பட்டால் மறுபடி தண்டவாளம் போடலாம்.